பொறியில் இரண்டு விரற்கடை நீலம்: ஒரு குளிர்ப்பொறியில் ஆக்சிஜன் திரவமான நிகழ்வு

பின்னணி

இது தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது. யாருக்கும் காயமில்லை. ஒரு கண்ணாடிக் குழாய்கூட உடையவில்லை. ஆனாலும் இதை எழுதி வைத்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அன்று தவறு செய்தவர் என்று ஒருவரையும் கைகாட்ட முடியாது. அவரவர் தமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை அப்படியே செய்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுப்போகும் சேர்மங்களை எங்கள் ஆய்வகத்தில் தயாரிக்கிறோம். அவற்றிலிருந்து கரைப்பானை அகற்றி உலர்த்துவதற்கு ஒரு வெற்றிடக் குழாய் வரிசை ஃபியூம் ஹூட்டுக்குள், அதாவது ஆவிகளை வெளியே இழுத்துவிடும் கண்ணாடிக் கதவுள்ள அறைக்குள், பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு முனையில் சேர்மம் இருக்கும் குடுவை, மறுமுனையில் எண்ணெயில் ஓடும் வேக்கம் பம்ப். நடுவே குளிர்ப்பொறி. பொறி என்பது பெரிய சோதனைக் குழாய் போன்ற ஒரு கண்ணாடிப் பாத்திரம்தான். அதைத் திரவ நைட்ரஜன் நிரம்பிய டிவார் குடுவைக்குள் (இரட்டைச் சுவருக்கிடையே வெற்றிடம் உள்ள, பிளாஸ்க் போன்ற குடுவை) அமிழ்த்தி வைப்போம். குடுவையிலிருந்து வரும் கரைப்பான் ஆவி அங்கே உறைந்து நின்றுவிடும். பொறி இல்லையென்றால் அந்த ஆவி பம்பின் எண்ணெயில் கலந்து பம்பைப் பாழாக்கும்.

திரவ நைட்ரஜன் −196 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. நாங்கள் அதிகம் பயன்படுத்தும் ஹெக்சேன் −95 டிகிரியிலும் டெட்ராஹைட்ரோஃபியூரான் −108 டிகிரியிலும் உறையும். இவற்றைப் பிடிக்க அத்தனை கடுங்குளிர் தேவையில்லை. அசிட்டோனில் உலர்பனியை (உறைந்த கரியமில வாயு) போட்டால் −78 டிகிரி கிடைக்கும். அதில் ஆவி உறையாவிட்டாலும் திரவமாகிப் பொறியில் நின்றுவிடும். பெரும்பாலான நாட்களுக்கு அதுவே போதும். ஆனால் மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் என்எம்ஆர் கருவிக்காக வாரந்தோறும் திரவ நைட்ரஜன் வந்து இறங்கியது. உலர்பனி வேண்டுமென்றால் நகரத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். எது கைக்கு எட்டியதோ அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆக்சிஜன் −183 டிகிரியில் திரவமாகும். −196, −183 என்ற இரண்டு எண்களையும் எங்கள் மாணவர்கள் எல்லோரும் தேர்வில் எழுதியவர்கள். பொறியின் முன்னால் நின்று அவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

ஹூட்டின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் பல குறிப்புகள். இந்த நிகழ்வுக்கு இரண்டு முக்கியம். ஒன்று, ‘பம்ப் நின்றுவிட்டால் உடனே காற்றுக் குழாயைத் திறக்கவும்’. எங்கள் பம்ப் பழையது. நின்றதும் எண்ணெய் பின்னோக்கி ஏறிக் குழாய் வரிசைக்குள் வந்துவிடும். பம்புக்கும் பொறிக்கும் இடையே உள்ள சிறு குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் ஏறாது. நெறியாளர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது அது. இரண்டாவது, ‘பொறியில் கரைப்பான் இருக்கும்வரை நைட்ரஜன் குறையக் கூடாது’. அதை எழுதியவன் நான். ஒருமுறை நைட்ரஜன் தீர்ந்துபோய் ஈதர் ஆவி ஆய்வகம் முழுவதும் பரவிய பிறகு எழுதினேன்.

அன்று மாலை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நாள். மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி ஒருவர் தம் சேர்மத்தை வெற்றிடத்தில் உலர்த்தப் போட்டுவிட்டு, முதுகலை மாணவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, விடுதிக்குப் போயிருந்தார். மாலை 6 மணி கடந்து சில நிமிடங்களில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. விளக்குகளுக்கும் ஹூட்டின் காற்றுப் போக்கிக்கும் அதிலிருந்து மின்சாரம் உண்டு. பம்ப் செருகியிருந்த இணைப்புக்கு இல்லை.

பம்ப் நின்றதும் மாணவர் பதறவில்லை. முதலில் குடுவையின் குழாயை மூடினார். அதனால் சேர்மம் தப்பியது. பிறகு தாளில் உள்ளபடி காற்றுக் குழாயைத் திறந்தார். டிவார் குடுவையில் நைட்ரஜன் சற்றுக் குறைந்திருந்ததால் விளிம்புவரை நிரப்பினார். மூன்றையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதினார். அக்குறிப்பேடு இல்லாவிட்டால் இந்த ஆய்வை எழுதியிருக்கவே முடியாது.

அதன் பிறகு மாணவியைத் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, மின்சாரம் போய்விட்டது. குடுவையை மூடிவிட்டேன், காற்றைத் திறந்துவிட்டேன், நைட்ரஜனும் நிரப்பிவிட்டேன்” என்றார். “நல்லது தம்பி, மழை விட்டதும் வருகிறேன்” என்றார் மாணவி. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

8 மணிக்கு மின்சாரம் வந்தது. பம்பைக் கையால்தான் இயக்க வேண்டும். தனியாக இயக்க வேண்டாம் என்று எண்ணிய மாணவர், மீண்டும் ஒருமுறை நைட்ரஜனை விளிம்புவரை நிரப்பிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போனார்.

கண்டவை

மாணவி வந்தபோது மணி 9:40. அவர் பின்னர் எழுதித் தந்ததில் மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, ஹூட்டை நெருங்கியபோது மெல்லிய சீறல் கேட்டது. காற்று கசிந்து வெளியேறும் ஓசை என்று முதலில் நினைத்தார். திறந்திருந்த காற்றுக் குழாயின் வாயருகே விரலைக் கொண்டுபோனபோது காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. பம்ப் ஓடவில்லை, எதுவோ இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது, 8 மணிக்கு விளிம்புவரை நிரப்பியதாகக் குறிப்பேடு சொன்னது. நைட்ரஜன் மட்டமோ பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சாதாரண நாளில் அவ்வளவு இறங்குவதற்கு இரவு முழுவதும் ஆகும். டிவார் குடுவையின் சுவரிடை வெற்றிடம் போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டார். வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ச்சியே இல்லை. குடுவை நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவதுதான் அவரை நிறுத்தியது. பம்பை இயக்குவதற்கு முன் பொறியில் எவ்வளவு கரைப்பான் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, டிவார் குடுவை வைத்திருந்த ஜாக்கைத் திருகி இரண்டு அங்குலம் இறக்கினார். பொறியின் கண்ணாடியில் பனி படர்வதற்குள் ஒரு கணம் உள்ளே தெரிந்தது. அடியில் வெள்ளையாக உறைந்த கரைப்பான். அதன் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தெளிந்த திரவம், வெளிறிய நீலத்தில். மார்கழிக் காலையில் மேகமில்லாத வானத்தின் நிறம் என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் கரைப்பான் எதுவும் நீலமில்லை. ஆய்வகத்தில் எந்தச் சேர்மமும் அந்த நிறத்தில் இல்லை. திரவ ஆக்சிஜன் நீலம் என்று இளங்கலையில் படித்தது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வந்தது எங்கள் பேறு.

எடுத்த முடிவுகள்

அவர் முதலில் செய்தது ஜாக்கை மீண்டும் மெதுவாக உயர்த்தியது. இது எளிதாகத் தோன்றலாம். ஆபத்தான ஒன்றைக் கண்டதும் அதைக் குளிரிலிருந்து வெளியே எடுத்துவிடத்தான் கை போகும். வெளியே எடுத்தால் திரவம் சட்டென்று கொதிக்கும். கீழே உறைந்திருக்கும் கரைப்பான் அசையும், விரிசல் விடும். திரவ ஆக்சிஜனோடு தொட்டுக்கொண்டிருக்கும் கரிமப் பொருள் வெடிமருந்துக்கு ஒப்பானது. ஒரு சிறு உராய்வோ தட்டலோ அதற்குப் போதும்.

பிறகு ஹூட்டின் கண்ணாடிக் கதவைக் கீழே இறக்கினார். அறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஹாட் பிளேட்டைச் சுவர் இணைப்பிலேயே அணைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு என்னை அழைத்தார். “சார், பொறியில் நீலமாக ஏதோ இருக்கிறது. ஆக்சிஜன் என்று நினைக்கிறேன். எதையும் தொடவில்லை” என்றார். குரல் நடுங்கியது. சொற்கள் தெளிவாக இருந்தன.

நான் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். நெறியாளரைத் தொலைபேசியில் இணைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றபடி மூன்று கேள்விகளை முடிவு செய்தோம்.

காற்றுக் குழாயை மூடுவதா? எங்கிருந்து காற்று வந்ததோ அதை அடைப்பதுதான் இயல்பான எண்ணம். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். நெறியாளர் உடனே மறுத்தார். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாகும். பொறியில் இருந்தது 60 மில்லிலிட்டர் என்று வைத்தால் 50 லிட்டர் வாயு. மூடிய கண்ணாடிக்குள் அதற்கு இடமில்லை. திறந்த அந்தச் சிறு வாய் ஒன்றுதான் அது வெளியேறும் வழி. மூடியிருந்தால் நெருப்பே இல்லாமல் பொறி வெடித்திருக்கும். என் முதல் யோசனை அந்த இரவின் ஆகப் பெரிய தவறாக ஆகியிருக்கக்கூடும் என்பதைப் பதிவு செய்கிறேன்.

பம்பை இயக்குவதா? பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி நேர்ந்தால் அதை ஓடவிட்டு விலகிவிடச் சொல்வது பொது வழக்கம்; வெற்றிடத்தில் ஆக்சிஜன் குளிரிலேயே மெல்ல ஆவியாகிப் போய்விடும். எங்கள் பம்ப் நின்றிருந்தது. இயக்க வேண்டுமானால் ஒருவர் ஹூட்டின் முன்னால் போய் நிற்க வேண்டும். செறிந்த ஆக்சிஜன் சூடான பம்பு எண்ணெய் வழியாகப் போகும். அந்த எண்ணெயும் கரிமப் பொருளே. வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

நைட்ரஜனை மேலும் நிரப்புவதா, விட்டுவிடுவதா? நிரப்பினால் இன்னும் காற்று சேரும். பிரச்சினை நாளைக்குத் தள்ளிப்போகும், பெரிதாகவும் ஆகும். விட்டுவிட்டால் நைட்ரஜன் தானாகத் தீர்ந்து பொறி மெல்லச் சூடாகும். அப்போது எது முன்னே போகும் என்பதுதான் கேள்வி. ஆக்சிஜன் −183 டிகிரியில் கொதித்துப் போய்விடும். கரைப்பான் உருகுவதற்கு −108 டிகிரிவரை வர வேண்டும். இடையில் 75 டிகிரி. கரைப்பான் உருகி ஆவியாகத் தொடங்குமுன் ஆக்சிஜன் போயிருக்கும், யாரும் அவசரப்படுத்தாமல் இருந்தால். விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

அந்த இரவு

அந்தத் தளத்தில் வேறு இரண்டு ஆய்வகங்களில் ஆட்கள் இருந்தார்கள். அனைவரையும் வெளியேற்றினோம். காவலரிடம் சொல்லிப் படிக்கட்டின் கதவைப் பூட்டினோம். ஒரு தாளில் பெரிய எழுத்தில் ‘உள்ளே வராதீர்கள், திரவ ஆக்சிஜன்’ என்று எழுதி ஒட்டிவிட்டு நானும் மாணவியும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். முதுகலை மாணவரும் செய்தி கேட்டு நனைந்தபடி வந்து சேர்ந்தார். “நான்தான் சார் காரணம்” என்றார். இல்லை என்று அப்போதே சொன்னேன். அவர் நம்பவில்லை.

அந்த இரவில் என்னை மிகவும் வாட்டியது ஒரு கணக்கு. பொறியில் சேர்ந்தது முழுக்க ஆக்சிஜன் அல்ல. ஆக்சிஜன் செறிந்த திரவக் காற்று. அதில் நைட்ரஜனும் இருந்தது, சிறிது ஆர்கானும் இருந்தது. சூடேறும்போது நைட்ரஜன்தான் முதலில் கொதித்துப் போகும். ஆகவே திரவத்தின் அளவு குறையக் குறைய, மிஞ்சுவது மேலும் மேலும் தூய ஆக்சிஜன். நீலம் அடர்ந்துகொண்டே போகும். பாதி போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்து உள்ளே போகும் ஒருவர் மிக மோசமான நேரத்தில் போயிருப்பார். அதனால் இடையில் ஒருமுறைகூடப் போய்ப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, அதைக் கடைப்பிடித்தோம்.

காலை 7 மணிக்கு நான் மட்டும் முகக்கவசம் அணிந்து உள்ளே போனேன். டிவார் குடுவை காலி. பொறியின் வெளிப்புறத்தில் பனி உருகி நீர்த்துளிகளாக வழிந்திருந்தது. உள்ளே நிறமற்ற கரைப்பான், அறை வெப்பநிலையில். ஹூட்டின் காற்றுப் போக்கி இரவு முழுவதும் ஓடியிருந்ததால் வாசனைகூட இல்லை. இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்து, பொறியைக் கழற்றிக் கழுவினோம்.

எப்படிச் சேர்ந்தது

பம்ப் ஒழுங்காக ஓடும்போது நைட்ரஜன் பொறியில் ஆக்சிஜன் தங்காது. −196 டிகிரியில் திரவ ஆக்சிஜனின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பொறிக்குள் ஆக்சிஜனின் அழுத்தம் அதற்கும் கீழே இருக்கும்வரை அது திரவமாகாது. சின்னக் கசிவுகள் இருந்தும் பல ஆண்டுகள் எங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

காற்றுக் குழாயைத் திறந்ததும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. வளிமண்டல அழுத்தத்தில் காற்று உள்ளே வந்தது, குளிர்ந்த சுவரைத் தொட்டுத் திரவமானது. வாயு திரவமானால் அது நின்ற இடம் காலியாகிறது. காலியான இடத்துக்கு மேலும் காற்று வந்தது. அதுவும் திரவமானது. மாணவி கேட்ட சீறல் அதுதான். நின்றுபோன பம்பின் வேலையைக் குளிரே எடுத்துக்கொண்டது. திரவமாகும்போது வெளிப்பட்ட வெப்பத்தை நைட்ரஜன் ஏற்றுக் கொதித்ததால்தான் அதன் மட்டம் அவ்வளவு வேகமாக இறங்கியது. மட்டம் இறங்கியதைக் கண்டு மீண்டும் நிரப்பினால், ஆக்சிஜன் சேரும் காலம் நீளும்.

ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்றவற்றை 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ‘நிலையான வாயுக்கள்’ என்று அழைத்தார்கள். எவ்வளவு அழுத்தினாலும் அவை திரவமாகவில்லை. ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு, அதற்கு மேலே எந்த அழுத்தமும் பயன்படாது என்பது 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் கரியமில வாயுவைக் கொண்டு செய்த ஆய்வால் தெளிவானது. ஆக்சிஜனுக்கு அது −118 டிகிரிக்கும் சற்றுக் கீழே. 1877 டிசம்பரில் பிரான்சில் கயெட்டே கண்டது திரவ ஆக்சிஜனின் ஒரு கண நேர மூட்டம். அதே மாதம் ஜெனீவாவில் பிக்டேயும் ஆக்சிஜனைத் திரவமாக்கினார். 1883-இல் போலந்தின் கிராகோ நகரில் ரோப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி இருவரும்தான் அதை ஒரு குழாய்க்குள் அமைதியாகக் கொதிக்கும் திரவமாக நிறுத்திக் காட்டினார்கள். அவர்கள் பெரும்பாடுபட்டு எட்டியதற்கு இன்று ஒரு குடுவை நைட்ரஜனும் ஒரு திறந்த குழாயும் போதும். இந்த வரலாற்றை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அதைப் பொறியோடு சேர்த்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மாற்றியவை

இரண்டு விதிகளும் தனித்தனியே சரி. ஒன்றை எழுதியவர் எண்ணெயைப் பற்றி நினைத்தார், மற்றொன்றை எழுதிய நான் ஈதர் ஆவியைப் பற்றி நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவர் செய்தால் என்ன ஆகும் என்று இருவரும் நினைக்கவில்லை. பழைய தாளைக் கிழித்துவிட்டோம். இப்போது பொறியின் கழுத்திலேயே ஓர் அட்டை தொங்குகிறது: ‘நைட்ரஜன் இருக்கும்போது காற்றைத் திறக்காதே. முதலில் நைட்ரஜனை இறக்கு.’ மின்சாரம் போனால் செய்ய வேண்டியது இப்போது இதுதான்: குடுவையை மூடு, டிவார் குடுவையைக் கீழே இறக்கு, அதன் பிறகே காற்றைத் திற. கரைப்பான் ஆவி சிறிது வெளியேறும். ஹூட் அதைப் பார்த்துக்கொள்ளும்.

அன்றாட உலர்த்தலுக்கு உலர்பனிக்கு மாறினோம். −78 டிகிரியில் ஆக்சிஜன் திரவமாக வழியே இல்லை. வாரம் ஒருமுறை ஆள் அனுப்புகிறோம். செலவு கூடியது உண்மை. எளிதில் ஆவியாகும் கரைப்பான்களுக்கு மட்டும் நைட்ரஜன், அதுவும் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும். திறந்த டிவாரில் மிஞ்சிய நைட்ரஜனை மறுநாளைக்கு வைத்துக்கொள்வதையும் நிறுத்தினோம். காற்றுப் பட்டு நிற்கும் நைட்ரஜனிலும் ஆக்சிஜன் மெல்லச் சேர்கிறது.

மீண்டும் நேர்ந்தால் நான் வேறு விதமாகச் செய்வது இரண்டு. தாழ்வாரத்தில் நின்று பேசியதற்குப் பதிலாக முதலில் தளத்தைக் காலி செய்துவிட்டுக் கீழே போய்ப் பேசுவேன். பத்து நிமிடம் எல்லோரும் மெல்லிய கதவு ஒன்றுக்கு அப்பால் நின்றிருந்தோம். முதுகலை மாணவரை அன்றிரவே உட்காரவைத்து அந்தத் தாளைக் காட்டி, அவர் செய்த ஒவ்வொன்றும் அதில் இருப்பதை வரிவரியாகப் படித்துக் காட்டியிருப்பேன். ஒரு வாரம் கழித்துத்தான் அதைச் செய்தேன். அந்த ஒரு வாரமும் அவர் ஆய்வகத்துக்கு வரவில்லை.

இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பொறியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். பழைய பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றதும் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு உள்ள புதிய பம்புக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், ஒப்புதல் வரவில்லை.